முள்ளும் முகமும்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



வாட்ச் விளம்பரம் எதையாவது எடுத்துப் பாருங்கள். பத்து வாட்ச் இருந்தால் அநேகமாகப் பத்தும் ஒரே மணியைத்தான் காட்டும். 10 மணி 10 நிமிடம்! ஏன்? 'யாரோ ஒரு பெரிய தலைவர் இறந்துபோன நேரம்' என்று ஒரு கதை உலவுகிறது. நம்பிவிடாதீர்கள். காரணம் ரொம்ப எளிமையானது. கம்பெனி பெயரை 12-க்குக் கீழே அச்சடிப்பது வழக்கம். முள் இரண்டும் இரு பக்கமும் தூக்கி நின்றால் பெயர் மறையாது. இடதும் வலதும் சமமாகத் தெரியும். பழைய விளம்பரங்களில் 8.20 வைத்ததும் உண்டு. அதிலும் பெயர் மறையாதுதான். ஆனால் முள் இரண்டும் கீழே தொங்கும், அழுத முகம் மாதிரி. 10.10 சிரித்த முகம். விற்பதற்கு எது நல்லது, நீங்களே சொல்லுங்கள்!

இந்தச் சின்ன விஷயத்துக்கே ஒரு காரணம் இருக்கிறதென்றால், டயலில் இருக்கும் மற்ற கோடுகளுக்கும் இருக்கத்தானே வேண்டும்? அப்படித்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. டயலில் எதுவும் சும்மா இல்லை. ஒவ்வொரு கோடும் யாரோ ஒருத்தருடைய தேவைக்குக் கிடைத்த பதில். சில கோடுகளுக்குச் சிலர் உயிரையே விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

நிழல் போன வழியில்

முள் ஏன் இடமிருந்து வலமாகச் சுற்றுகிறது? வட கோளத்து நாடுகளில் தரையில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள். காலையில் மேற்கே விழும் நிழல், வடக்கு வழியாகச் சுற்றி, மாலையில் கிழக்கே போகும். அதுதான் நாம் சொல்லும் 'கிளாக்வைஸ்' திசை. சூரியக் கடிகாரத்துக்குப் பழகிப்போன ஐரோப்பியர்கள் இயந்திரக் கடிகாரம் செய்தபோது, முள்ளையும் நிழல் போன வழியிலேயே போகவிட்டார்கள். பகலைப் பன்னிரண்டாகப் பிரித்தது எகிப்தியர் வழக்கம். அறுபது அறுபதாக எண்ணும் முறை பாபிலோனியர் கொடுத்தது. ஆக, நம் கையில் இருக்கும் அந்த வட்டத்துக்குள் இத்தனை தேசங்கள் அடக்கம்!

ஆரம்ப காலத்துக் கோபுரக் கடிகாரங்கள் பலவற்றில் நிமிட முள்ளே கிடையாது. மணி முள் மட்டும்தான். 'செய்யத் தெரியாமல் விட்டார்கள்' என்று நினைக்க வேண்டாம். அந்தக் கடிகாரங்கள் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் வரை கூடக் குறைய ஓடின. அப்படிப்பட்ட கருவியில் நிமிட முள்ளை வைத்து என்ன பயன்? 1656-ல் ஹாலந்து விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தைக் கண்டுபிடித்தார். பிழை ஒரு நாளைக்குச் சில விநாடிகள் என்ற அளவுக்குக் குறைந்தது. அதற்கப்புறம்தான் நிமிட முள்ளுக்கு மரியாதை வந்தது. மெட்ராலஜி லேபில் 'லீஸ்ட் கவுண்ட் வேறு, அக்யுரசி வேறு' என்று படிக்கிறோமே, அந்தப் பாடம் இதுதான். கருவிக்கு எவ்வளவு திறமை இருக்கிறதோ, அவ்வளவுதான் அதன் டயல் பேச வேண்டும்.

ரோமன் எண் போட்ட டயலைப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. நாலு என்பதற்கு 'வி' எழுத்தின் முன்னால் ஒரு கோடு போடுவதுதான் நாம் பள்ளியில் படித்தது. ஆனால் பெரும்பாலான டயல்களில் நான்கு ஒற்றைக் கோடுகள் வரிசையாக நிற்கும். லண்டன் பிக் பென் போன்ற சிலவற்றில்தான் நாம் படித்த மாதிரி இருக்கும். இதற்குப் பல கதைகள் உண்டு. எனக்குப் பிடித்த விளக்கம் இது: நாலுக்கு நேர் எதிரே எட்டு. அது ரோமன் எண்ணில் ரொம்ப அகலம். நான்கு கோடு போட்டால்தான் இரண்டு பக்கமும் எடை சமமாகத் தெரியும். அதோடு முதல் நாலு எண்ணில் வெறும் கோடு, அடுத்த நாலில் 'வி', கடைசி நாலில் 'எக்ஸ்' என்று வட்டம் மூன்று சம பங்காகவும் பிரிந்துவிடுகிறது.

டயலுக்குப் பின்னால் நம்ம கணக்கு

பெரிய முள் 12 சுற்று சுற்றினால் சின்ன முள் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இரண்டுக்கும் ஒரே மையம். இதை எப்படிச் செய்வது? டயலுக்கு நேர் பின்னால் ஒரு குட்டி கியர் வரிசை இருக்கிறது. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: நிமிட முள்ளோடு சுற்றும் பினியனுக்கு 10 பல். அது 30 பல் சக்கரத்தைச் சுற்றுகிறது. வேகம் மூன்றில் ஒரு பங்காகிறது. அந்தச் சக்கரத்தோடு சேர்ந்த 8 பல் பினியன், மணி முள் இருக்கும் 32 பல் சக்கரத்தைச் சுற்றுகிறது. வேகம் இன்னும் நாலில் ஒரு பங்கு. 3 × 4 = 12. அவ்வளவுதான்! 10+30-ம் 40, 8+32-ம் 40 என்பதைக் கவனித்தீர்களா? ஒரே மாட்யூல் பல் என்றால், கிளம்பிய அச்சுக்கே திரும்பி வருவதற்கு இந்தச் சமம் அவசியம். 'ரிவர்ட்டெட் கியர் டிரெயின்' என்று பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணுகிறோமே, அது நம் மணிக்கட்டிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

பையிலிருந்து கைக்கு

19-ம் நூற்றாண்டு வரை ஆண்கள் வாட்சைச் சங்கிலி கட்டிச் சட்டைப் பையில்தான் வைத்தார்கள். கையில் கட்டுவது பெண்களின் நகை என்ற எண்ணம். சுவிட்சர்லாந்தின் படேக் ஃபிலிப் கம்பெனி 1868-ல் ஹங்கேரி நாட்டுச் சீமாட்டி ஒருவருக்காகக் கைக்கடிகாரம் செய்தது. 1904-ல், பாரிசில் வாழ்ந்த பிரேசில்காரரான சான்டோஸ் டுமான்ட் என்ற விமானிக்காக லூயி கார்ட்டியே கைக்கடிகாரம் செய்துகொடுத்தார். விமானத்தை ஓட்டுகிற கையை எடுத்துப் பையில் விட்டு மணி பார்க்க முடியுமா? அதுதான் தேவை.

ஆனால் கைக்கடிகாரத்தை ஆண்களின் பொருளாகப் பரப்பியது முதல் உலகப் போர். 'இத்தனை மணி இத்தனை நிமிடத்துக்குப் பீரங்கி நிற்கும், அப்போது கிளம்பு' என்று உத்தரவு. பதுங்கு குழியில் துப்பாக்கியும் கையுமாக நிற்பவன் பையைத் துழாவ முடியாது. பை வாட்சின் இரு பக்கமும் கம்பி வளையம் வைத்து, வார் கோத்துக் கட்டிக்கொண்டார்கள். போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் கையில் வாட்சோடு திரும்பினார்கள். பிறகு யார் அதைப் பெண்களின் நகை என்று சொல்வது?

தொழிலுக்கு ஒரு டயல்

1891-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் கிப்டன் என்ற ஊரில் இரண்டு ரயில்கள் மோதின. ரயில் ஊழியர் ஒருவரின் வாட்ச் நாலு நிமிடம் நின்று மறுபடி ஓடியதுதான் காரணம் என்று சொல்வார்கள். அதன்பின் வெப் பால் என்ற கடிகாரக்காரர் ரயில்வே வாட்சுகளுக்கு விதிகளைக் கொண்டுவந்தார். வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிழை கூடாது. டயலில் அலங்காரம் கூடாது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எண்கள் பளிச்சென்று தெரிய வேண்டும். அழகுக்காக அல்ல, ஆள் சாகக்கூடாது என்பதற்காக டயல் எளிமையானது.

டாக்டர்களுக்கென்று ஒரு டயல் உண்டு. விநாடி முள் 12-ல் கிளம்பும்போது நாடித்துடிப்பை எண்ணத் தொடங்கி, 30 துடிப்பு ஆனதும் முள் நிற்கும் இடத்தைப் பார்த்தால், நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று நேராக எழுதியிருக்கும். 25-வது விநாடியில் 72 என்று இருக்கும். பெருக்கல் வகுத்தலை டயலே செய்துவிடுகிறது.

டேக்கோமீட்டர் அளவுகோலும் இதே கணக்குதான். நெடுஞ்சாலையில் ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 45 விநாடி ஆனால், 3600-ஐ 45-ஆல் வகுக்க 80. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம். 45-வது விநாடிக்கு நேராக 80 என்று முன்கூட்டியே பொறித்துவிட்டார்கள். 1957-ல் வந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டரில் இந்த அளவுகோலைக் கண்ணாடியைச் சுற்றியுள்ள பெசல் வளையத்தில் வைத்தார்கள். ஓட்டப் பந்தயக் கார்களுக்காகச் செய்த அந்த வாட்ச் 1969-ல் நிலாவுக்கே போய்விட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்தது முக்குளிப்பவர்களின் வாட்ச். 1953-ல் பிளான்க்பேன் கம்பெனியின் ஃபிஃப்டி ஃபாதம்ஸ் வந்தது. இதில் பெசல் சுற்றும். தண்ணீரில் இறங்கும்போது பெசலின் பூஜ்யத்தை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பி வைத்தால், எத்தனை நிமிடம் ஆயிற்று என்று பிறகு நேராகப் படிக்கலாம். இன்றைய முக்குளிப்பு வாட்சுகளில் இந்த வளையம் ஒரு பக்கம் மட்டும்தான் சுற்றும். ஏன்? பாறையில் இடித்துத் தவறித் திரும்பிவிட்டால்கூட, 'நேரம் அதிகமாகிவிட்டது' என்றுதான் காட்டும். ஆள் சீக்கிரம் மேலே வந்துவிடுவார். மறுபக்கம் திரும்பினால் சிலிண்டரில் காற்று தீர்ந்தது தெரியாமல் கீழேயே இருந்துவிடுவார். தப்பு நடந்தாலும் உயிருக்குச் சாதகமாக நடக்கட்டும் என்ற இந்த யோசனை, ஒவ்வொரு மெஷின் டிசைனிலும் இருக்க வேண்டியது.

வெளிச்சத்துக்குக் கொடுத்த விலை

இருட்டில் மணி தெரிய வேண்டும் என்ற தேவைக்கும் பதில் கிடைத்தது. அந்தப் பதிலின் பெயர் ரேடியம். துத்தநாக சல்பைடோடு துளி ரேடியம் கலந்த பெயிண்டை எண்கள்மேல் பூசினால் இரவெல்லாம் தானாக ஒளிரும். போர்க்காலத்தில் ஏகப்பட்ட கிராக்கி. அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் ஆரஞ்ச் நகரில் யுனைடெட் ஸ்டேட்ஸ் ரேடியம் கார்ப்பரேஷன் என்ற கம்பெனியில் டயலுக்குப் பெயிண்ட் அடித்தது இளம்பெண்கள். நம் வயசுதான், சிலர் நம்மைவிடச் சின்னவர்கள். மெல்லிய கோடு விழப் பிரஷ் நுனி கூராக வேண்டும். 'உதட்டில் வைத்துக் கூராக்கு' என்று சொல்லிக்கொடுத்தார்கள். 'ஒன்றும் செய்யாது' என்றும் சொன்னார்கள். அதே கம்பெனியின் ரசாயன நிபுணர்கள் ரேடியத்தைக் கையாள ஈயத் தடுப்பும் இடுக்கியும் வைத்துக்கொண்டார்கள். பெண்களிடம் அது இல்லை. விளையாட்டாக நகத்திலும் பல்லிலும்கூடப் பூசிக்கொண்டார்கள்.

ரேடியம், ரசாயனக் குணத்தில் கால்சியத்தின் உறவுக்காரன். உடம்புக்குள் போனால் நேரே எலும்பில் போய் உட்காரும். சில வருடங்களில் பல் விழுந்தது, தாடை எலும்பு அரித்தது, பலர் இறந்தார்கள். கிரேஸ் ஃபிரையர் என்ற பெண் வழக்குப் போட வக்கீல் தேடியே இரண்டு வருடம் அலைந்தார். 1927-ல் ஐந்து பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1928-ல் ஆளுக்கு 10,000 டாலர், வருடத்துக்கு 600 டாலர், மருத்துவச் செலவு என்று சமரசம் ஆனது. அந்தப் பெண்களின் போராட்டம், தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்கள் வலுப்பெற ஒரு முக்கியக் காரணமாயிற்று. இன்றைய வாட்சுகளில் ரேடியம் இல்லை. 1993-ல் ஜப்பானின் நெமோட்டோ கம்பெனி கண்டுபிடித்த, கதிரியக்கமே இல்லாத ஸ்ட்ரான்சியம் அலுமினேட் பெயிண்ட் வகைதான் இப்போது பரவலாக இருக்கிறது. ஆனால் ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 வருடம். பழைய வாட்ச் ஒளிராமல் போயிருந்தாலும் உள்ளே ரேடியம் அப்படியேதான் இருக்கும். பழைய சாமான் கடையில் அப்படி ஒன்று கிடைத்தால் ஆசைப்பட்டுத் திறந்து சுரண்டாதீர்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்க அப்பா ஞாபகம்தான் வந்தது. பவர்லூமில் 22 வருஷம். இப்போது பக்கத்தில் நின்று சத்தமாகப் பேசினால்தான் காது கேட்கும். 'தறிச் சத்தம் காதைக் கெடுக்கும், பஞ்சு வைச்சுக்க' என்று ஒருத்தரும் அவரிடம் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. 'பெரியவங்களுக்குத் தெரியாததா' என்பார்.

எண்ணா, இடமா?

1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீக்கோ கம்பெனி ஆஸ்ட்ரான் என்ற குவார்ட்ஸ் வாட்சை வெளியிட்டது. விலை 4,50,000 யென், அன்றைக்கு ஒரு கார் விலை! இன்றைய குவார்ட்ஸ் வாட்சில் படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. ஏன் இந்த விநோத எண்? இரண்டை 15 தடவை பெருக்கிப் பாருங்கள். எலெக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கு உடனே புரியும்: 15 ஃபிளிப்-ஃபிளாப் வரிசையாக வைத்துப் பாதி பாதியாக்கினால், விநாடிக்குச் சரியாக ஒரு துடிப்பு. இந்த மலிவான துல்லியத்தின் முன்னால் சுவிஸ் தொழில் ஆட்டம் கண்டது. 1970 வாக்கில் சுமார் 90,000 பேர் இருந்த வேலை, 1980-களின் நடுவில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. 1972-ல் பல்சர் என்ற வாட்ச், முள்ளே இல்லாமல் சிவப்பு எண்களில் மணி காட்டியது. 'இனி டயலுக்கு வேலை இல்லை' என்று பலர் எழுதிவைத்துவிட்டார்கள்.

ஆனால் டயல் சாகவில்லை. ஏன் என்பதை எனக்குப் புரிய வைத்தது புத்தகம் இல்லை, எங்க அம்மாதான். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஸ்பின்னிங் மில் வேலை. காலை 5.30-க்கு வேன் வரும். சுவரில் இருக்கும் கடிகாரத்தில் பெரிய முள் எங்கே இருக்கிறது என்று பார்த்தே சோறு வடித்து, தண்ணி பிடித்து, கிளம்பிவிடும். ஒரு தடவை எண் காட்டும் கடிகாரம் ஒன்று அன்பளிப்பாக வந்தது. பஸ் நம்பர் படிக்கிற அளவுக்கு அம்மாவுக்கு எண்கள் தெரியும். ஆனாலும் இரண்டு நாளில் பழைய கடிகாரத்தையே மாட்டச் சொன்னது. 'ஏம்மா?' என்றேன். 'அதுல எத்தனை ஆச்சுன்னு தெரியுது. எத்தனை பாக்கி இருக்குன்னு தெரியலியே' என்றது.

எத்தனை பாக்கி! 5.12 என்ற எண்ணைப் பார்த்தால் மனசில் ஒரு கழித்தல் போட்டாக வேண்டும். டயலில் அந்த 18 நிமிடம் கண்ணுக்கு முன்னாலேயே ஒரு இடமாக இருக்கிறது. எண் சொல்வது ஒரு புள்ளி. டயல் காட்டுவது தூரம். 1944-ல் சுவிஸ் ரயில்வேக்காக ஹான்ஸ் ஹில்ஃபிகர் வடிவமைத்த நிலையக் கடிகாரத்தில் எண்களே இல்லை. வெறும் கறுப்புக் கோடுகள். எங்க அம்மாவை ஜூரிச் ரயில் நிலையத்தில் கொண்டுபோய் நிறுத்தினாலும் தடுமாறாமல் மணி சொல்லும்! கண் தெரியாதவர்களுக்கான வாட்சில் கண்ணாடியைத் திறந்து, முள்ளையும் மேடிட்ட புள்ளிகளையும் விரலால் தடவி நேரம் அறிகிறார்கள். அதுவும் இடத்தை வைத்துத்தான். இன்றைக்கு ஸ்மார்ட் வாட்ச்கூடக் கண்ணாடித் திரையில் முள்ளை வரைந்து காட்டுகிறது பாருங்கள்.

பெங்களூரும் ஓசூரும்

நம் நாட்டுக் கதையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி ஒத்துழைப்போடு பெங்களூரில் ஹெச்.எம்.டி. கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஜனதா, பைலட், ஜவான் என்று எத்தனை மாடல்! கண் தெரியாதவர்களுக்கான பிரெய்லி வாட்சும் செய்தது. கல்யாணத்தில் மாப்பிள்ளை கைக்கு வாட்ச் என்றால் ஒரு காலத்தில் அதுதான். தினமும் சாவி கொடுக்க வேண்டிய அந்த வாட்ச் குவார்ட்ஸ் வெள்ளத்தில் நிற்க முடியவில்லை. ஹெச்.எம்.டி. வாட்ச் பிரிவை மூட மத்திய அரசு 2016-ல் முடிவு செய்தது.

1984-ல் டாடா குழுமமும், நம் மாநில அரசின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது டைட்டன். தொழிற்சாலை ஓசூரில். ஆரம்பத்தில் தமிழ்நாட்டின் சின்னச் சின்ன ஊர்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைத்தார்கள். 2002-ல் அங்கிருந்து வந்த எட்ஜ் வாட்சின் மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர். உள்ளே ஓடும் இயந்திரம் 1.15 மில்லிமீட்டர்தான்! நம்மைப் போன்ற ஊர்ப் பிள்ளைகளின் கைக்கு எது வராது?

நம் கைக்கு வரும் டயல்கள்

நண்பர்களே, இன்னும் ஒன்றரை வருடத்தில் நாமும் ஏதோ ஒரு ஷாப் ஃப்ளோரில் நிற்போம். பிரஷர் கேஜ், அம்மீட்டர், டயல் கேஜ் என்று நம்மைச் சுற்றி டயல்களாகவே இருக்கும். அவற்றைச் சரியாகப் படிக்கப் பாலிடெக்னிக் சொல்லிக்கொடுத்துவிட்டது. அதற்கு மேலே இரண்டு கேள்வி நாமாகக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் கேள்வி: இதை யார் படிக்கப் போகிறார்கள்? இருட்டிலா, அவசரத்திலா, எழுத்துத் தெரியாதவரா? அபாயப் பகுதிக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டால், படிப்பில்லாத ஹெல்ப்பரும் தூரத்திலிருந்தே தெரிந்துகொள்வார். அந்தக் கோடு போட டிசைன் என்ஜினியர் வர வேண்டியதில்லை. நாம் போதும்.

இரண்டாவது கேள்வி: இதைச் செய்கிறவருக்கு என்ன ஆகும்? இந்தப் பெயிண்டில் என்ன இருக்கிறது, இந்தப் புகை எதனால் வருகிறது, இந்தச் சத்தம் எத்தனை டெசிபல்? ஆரஞ்ச் நகரத்துப் பெண்களுக்கு அதைக் கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. எங்க அப்பாவுக்கும் இல்லை. வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்திருக்கும் நம்மில் பலருடைய அப்பா அம்மாவுக்கும் இருந்திருக்காது. கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள். மரியாதையாகவே கேட்போம். ஆனால் கேட்காமல் இருக்க வேண்டாம். டிப்ளமோ சர்டிபிகேட் நமக்குக் கொடுக்கிற உரிமைகளில் அதுவும் ஒன்று.

போன லீவில் ஊருக்குப் போனபோது, அப்பாவோடு தறி ஓட்டும் நாலு பேருக்கும் சேர்த்துக் காதடைப்பான் வாங்கிக்கொண்டு போனேன். மூணு பேர் சிரித்தார்கள். ஒருத்தர் மாட்டிக்கொண்டார். அப்பாவும் மாட்டிக்கொண்டிருக்கிறார், நான் பார்க்கும்போது மட்டும்! அடுத்த லீவில் மறுபடி சொல்ல வேண்டும்.